ஒரே இரவில் 52,500 நோட்டீஸ்: ஜோ ஆன் ராபின்சனால் எப்படி முடிந்தது?

எழில்:
அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றிய கட்டுரைக்காகக் கேட்கிறேன். பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழன் மாலை. திங்களன்று பேருந்தில் ஏறாதீர்கள் என்று மறுநாளே ஊர் முழுக்க நோட்டீஸ் போய்விட்டது. அச்சிட்டவர் ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன் என்கிறார்கள். ஒரு ராத்திரியில் 52,500 பிரதி சாத்தியமா?

அச்சுமை:
சாத்தியம்தான். அச்சானது 17,500 தாள். ஒரு தாளில் ஒரே வாசகம் மூன்று முறை, பிறகு மூன்றாக வெட்டு. 35,000 பிரதி என்று எழுதுவோரும் உண்டு. 52,500 ராபின்சனின் நினைவுக்குறிப்பில் வரும் கணக்கு என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

இயந்திரம் நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்போமே, அதுதான். தட்டச்சில் ரிப்பனை விலக்கிவிட்டு ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் வட்ட எழுத்தின் நடுப்பகுதி பெயர்ந்து விழுந்து, அந்த இடம் மைத்திட்டாகிவிடும். மோட்டார் வைத்தது நிமிடத்துக்கு நூறு தாள் தள்ளும் என்று வைத்தாலும் 17,500க்கு மூன்று மணி நேரம். ஸ்டென்சில் நைந்தால் மாற்ற வேண்டும். மை காயுமுன் அடுக்கினால் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். நள்ளிரவில் தொடங்கி விடியற்காலை நாலு மணிக்குக் கட்டுக் கட்டிவிட்டார்கள். அலபாமா ஸ்டேட் கல்லூரியின் வணிகத் துறைத் தலைவர் ஜான் கேனனும் இரண்டு மாணவர்களும் கூட இருந்தார்கள். எட்டு மணிக்கு ராபின்சனுக்கு வகுப்பு வேறு!

கல்லூரி மாநில அரசுப் பணத்தில் நடந்தது. அதனால்தான் நோட்டீஸில் யார் பெயரும் இல்லை. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். காகிதச் செலவைக் கல்லூரிக்குக் கட்டிவிடுவதாக ராபின்சன் ஒப்புக்கொண்டார்.

வெண்ணிலா:
அச்சைவிட விநியோகம்தான் கடினம். ஆள் ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் அதுவும் நடந்தது. மேரி ஃபேர் பர்க்ஸ் 1946இல் தொடங்கிய, கறுப்பினப் பெண்களின் அமைப்பான பெண்கள் அரசியல் மன்றத்துக்கு அப்போது ராபின்சன்தான் தலைவர். 1954 மே 21 அன்றே மேயர் கெய்லுக்குக் கடிதம் போட்டிருந்தார்: பயணிகளில் முக்கால்வாசி கறுப்பின மக்கள், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது என்று. ஆகவே வெள்ளிக்கிழமை பள்ளிகள், முடிதிருத்தகங்கள், அழகு நிலையங்கள், கடைகள் என்று நோட்டீஸ் கட்டுகளை இறக்கினால் போதும், மன்றத்துப் பெண்கள் வாங்கிப் பரப்பிவிட்டார்கள்.

ஒரு பிரதி வெள்ளையர் கைக்கும் போனது. ஞாயிறு நாளிதழ் முதல் பக்கத்தில் செய்தி வந்து, நோட்டீஸ் கிடைக்காதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. திங்கள் காலை பேருந்துகள் காலியாக ஓடின.

எழில்:
பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

வெண்ணிலா:
பொறுப்பாளராக முன்னே வரவில்லை. இயக்கத்தின் செய்தி மடலைத் தயாரித்தார். வீட்டுச் சன்னலில் கல் விழுந்தது. காவலர் சீருடையில் வந்த இருவர் காரில் அமிலம் ஊற்ற, தகரம் ஓட்டை ஓட்டையானது. 1960இல் கல்லூரியை விட்டு விலகினார். 1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

இன்னொன்று. 381 நாள் நடந்தும், பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்த சட்டத்தை உடைத்தது புறக்கணிப்பு மட்டுமல்ல, பிரவுடர் எதிர் கெய்ல் வழக்கு. கடைசிவரை வாதிகளாக நின்றவர்கள் நான்கு பெண்கள்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். பார்க்ஸ் அதில் இல்லை. பல கட்டுரைகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.