ஆர்பிஎஃப் பின் எடுத்தா சாட்டிலைட் தானா ஆன் ஆகுது, வியாழன் ஒப்படைக்கணும் – அவசர உதவி

குட்டிக்கோள்_குழு
வணக்கம். எங்க க்யூப்சாட் (கையடக்கக் குட்டி சாட்டிலைட்) வைப்ரேஷன் டெஸ்ட் முடிஞ்சு லேபுக்கு வந்துடுச்சு. டெஸ்ட் பாட்ல (சாட்டிலைட்டை ராக்கெட்லேருந்து வெளியே தள்ளுற பெட்டியோட மாதிரி) வச்சு, ஆர்பிஎஃப் பின்னை (பறக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிற, அதுவரை பவரைத் தடுக்கிற பின்) எடுத்தா உடனே ஆன் ஆகுது. பாட்டுக்குள்ள இருக்கிற வரை ஆஃப்லயே வைக்க வேண்டிய ஸ்விட்ச் அழுங்கித்தான் இருக்கு, டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு. வைப்ரேஷனுக்கு முன்னாடி இப்படி இல்ல. வியாழக்கிழமை ஒப்படைக்கணும். ஸ்விட்சை மாத்திடலாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கூழாங்கல்
முதல்ல பின்னைத் திரும்பச் சொருகுங்க. மத்ததெல்லாம் அப்புறம். ஆன் ஆன நொடியிலிருந்து உங்க டைமர் ஓடுது. விதிப்படி எழுதியிருந்தீங்கன்னா 30 நிமிஷம் கழிச்சு ஆன்டெனா கட்டின நூலைச் சுடும், 45 நிமிஷம் கழிச்சு டிரான்ஸ்மிட்டர் பேசும். பாட்டுக்குள்ள ஆன்டெனா விரிஞ்சா உங்க பிரச்சினை ரெண்டாயிடும். நூல் சுடுற ரெசிஸ்டருக்குப் போற கனெக்டரைக் கழட்டுங்க. டிரான்ஸ்மிட்டர் வெளியீட்டுல 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலா சிக்னலை உறிஞ்சுற ரெசிஸ்டர்) போடாம இனிமே பின்னைத் தொடாதீங்க.

இப்ப கேள்வி. சாட்டிலைட் சைஸ் 1யூவா, 2யூவா? எத்தனை ஸ்விட்ச், ரெயில் (மூலைச் சட்டம்) நுனியிலா பக்கவாட்டிலா? தொடரா, இணையா? பேட்டரி கரண்ட் நேரா ஸ்விட்ச் வழியாப் போகுதா, இல்ல ஸ்விட்ச் ஒரு மாஸ்ஃபெட்டை (மின் கதவு மாதிரி வேலை செய்ற டிரான்சிஸ்டர்) இயக்குதா?

வடக்கயிறு
கேபிள் செருகியிருந்துதா? கண்டிப்பா இருந்திருக்கும். லேப்டாப்பிலிருந்து வர்ற சீரியல் லைன் சும்மா இருக்கும்போதே 3.3 வோல்ட்ல நிக்கும். அது மைக்ரோகன்ட்ரோலர் காலில் இருக்கிற பாதுகாப்பு டயோடு வழியா உள்ளே புகுந்து மொத்த 3.3 வோல்ட் லைனையும் அரைகுறையா உயிர்ப்பிக்கும். எல்ஈடி எரியும், சாட்டிலைட் ஆன்னு நினைப்பீங்க. கேபிளைப் பிடுங்கிட்டுப் பாருங்க. லைனில் 1 கிலோ ஓம் தொடரா போட்டா தீர்ந்தது.

ரெயில்_மிமீ
கேபிள்தான் காரணம்னா பின் உள்ளே இருக்கும்போதும் எல்ஈடி எரியணுமே? பின்னை எடுத்தாத்தான் ஆன் ஆகுதுன்னு எழுதியிருக்காங்க.

எனக்கு ஸ்விட்ச் நகர்ந்திருக்கும்னு தோணுது. அழுங்கின மாதிரி தெரியிறதும் கான்டாக்ட் மாறுறதும் ஒண்ணில்ல. லீவர் அழுங்கினாலும் உள்ளே க்ளிக் ஆகுற இடத்தைத் தாண்டியிருக்கணும். ஸ்விட்ச் பிராக்கெட்டோட திருகு வைப்ரேஷன்ல கால் மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், தாண்டாது. 0.1 மிமீ ஷிம் தகட்டை ரெயில் நுனிக்கும் பாட் தட்டுக்கும் நடுவுல ஒவ்வொண்ணா நுழைச்சு, எத்தனையாவது தகட்டுல ஸ்விட்ச் மாறுதுன்னு ஓம் மீட்டர்ல பாருங்க. டார்க் ஸ்ட்ரைப் (முறுக்கின திருகு மேல பெயிண்ட்ல போடுற கோடு) போட்டிருந்தீங்கன்னா திருகு சுத்தியிருக்கான்னு அந்தக் கோடே சொல்லிடும்.

அனுபவம்_பேசும்
ஒவ்வொரு வருஷமும் இதே கதை. சர்க்யூட் வரைபடம் இல்ல, பேட்டரி வோல்ட்டேஜ் இல்ல, ஸ்விட்ச் மாடல் இல்ல, ஆனா வியாழக்கிழமை மட்டும் இருக்கு. தம்பி, கேள்வியை ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க கையில பறக்கப்போற வன்பொருளைக் கொடுக்கவே கூடாது. டிசைன் ரிவ்யூ பண்ணது யாரு?

கூழாங்கல்
அண்ணே, அவங்க பதற்றத்துல எழுதியிருக்காங்க. கேட்க வேண்டியதைக் கேட்டாச்சு, பதில் வரட்டும்.

குட்டிக்கோள்_குழு
மன்னிக்கணும். 2யூ. பேட்டரி 2 செல் தொடர், இப்ப 8.0 வோல்ட். ஸ்விட்ச் ரெண்டும் ரெயில் நுனியில, ரெண்டும் தொடர். ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், அதோட கேட்டுல (மாஸ்ஃபெட்டை இயக்குற கால்) 1 மெகா ஓம் புல்-அப் (கேட்டை பேட்டரி வோல்ட்டேஜுல பிடிச்சு ஆஃப்ல வைக்கிற ரெசிஸ்டர்). விரிஞ்சா ஸ்விட்ச் கேட்டை கிரவுண்டுக்கு இழுக்கும். கேபிள் இல்லாமலும் ஆன் ஆகுது. (தம்பி இல்ல சார், தங்கச்சி.)

இரவு_சால்டர்
இதுதான் வேணும். ரெண்டு ஸ்விட்சும் தொடர்னா ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டாத்தான் கேட் கிரவுண்டுக்குப் போகும். நடக்கலாம், ஆனா அபூர்வம். ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது அந்தக் கேட்தான். அதைப் பாருங்க.

பின்னை எடுத்து, ஆன் ஆனதும், மல்டிமீட்டரை மாஸ்ஃபெட்டோட கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (பேட்டரி பக்கக் கால்) நடுவுல வைங்க. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வைக்காதீங்க, மீட்டரோட 10 மெகா ஓமே கேட்டைக் கீழே இழுத்துக் குழப்பும்.

8 வோல்ட் காட்டினா ஸ்விட்ச் நிஜமாவே மூடியிருக்கு, ரெயில்_மிமீ சொன்ன ஷிம் வேலையைச் செய்யுங்க. 1 முதல் 3 வோல்ட் காட்டினா கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு எங்கேயோ கசிவு. 0 காட்டி, சாட்டிலைட்டும் ஆன்லயே இருந்தா மாஸ்ஃபெட் ஷார்ட், இல்ல கரண்ட் வேற வழியா நுழையுது. மீட்டர் வச்ச மாத்திரத்துல சாட்டிலைட் ஆஃப் ஆனா புல்-அப் அறுந்திருக்கு: மீட்டரோட 10 மெகா ஓம்தான் புல்-அப் வேலையைச் செய்யுது. ப்ரோபை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஆஃப்லயே நிக்கும், சரியாயிடுச்சுன்னு நம்பிடாதீங்க.

வெறும் ஓம் மட்டும் பாத்து முடிவு பண்ண வேண்டாம். விரிசல் விட்ட சிப் ரெசிஸ்டர் ப்ரோப் அழுத்தத்துல ஒட்டிக்கிட்டு 1 மெகா ஓம்னு நல்லபிள்ளையாக் காட்டும்.

ஈரப்பதம்
நான் பந்தயம் கட்டுறேன், கசிவுதான். 1 மெகா ஓம் புல்-அப் இருக்கிற கேட்டுல ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவுற பொருள்) மிச்சம் இருந்தா கடலோர ஈரத்துல சில மெகா ஓமுக்கு இறங்கிடும். 3 மெகா ஓம் கசிவுன்னு வைங்க: 8 வோல்ட்ல நாலில் ஒரு பங்கு, 2 வோல்ட் கேட்-சோர்ஸ் நடுவுல விழும். லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் திறக்க அது தாராளம். புல்-அப் 100 கிலோ ஓமா இருந்தா அதே கசிவுக்கு 0.26 வோல்ட்தான். ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஊத்தி மென்மையான பிரஷ்ல கழுவி, உலர்த்திட்டுப் பாருங்க. பேட்டரி உள்ளே இருக்கிறதால 45 டிகிரிக்கு மேல சூடு வேண்டாம்.

ரெயில்_மிமீ
100 கிலோ ஓமா மாத்தினாலும் ஸ்விட்ச் வழியா 80 மைக்ரோஆம்பியர்தான் போகும். கான்டாக்ட் வெள்ளியா தங்கமா? வெள்ளின்னா இவ்வளவு சின்ன கரண்ட்ல மேல படிஞ்ச படலத்தை உடைக்காது. தரையில தானா ஆன் ஆகுறதை விட, மேலே போய் ஆன் ஆகாமலே போறது பெரிய இழப்பு.

குட்டிக்கோள்_குழு
தங்க முலாம்தான். மீட்டர் வச்சதும் ஆஃப் ஆயிடுச்சு!! ரெசிஸ்டர் போர்டோட மூலைத் திருகுக்குப் பக்கத்துல இருக்கு, லென்ஸ்ல பாத்தா சால்டர் ஓரமா மெல்லிய கோடு தெரியுது. மாத்திடுறோம்.

இரவு_சால்டர்
மாத்துறதுக்கு முன்னாடி அந்த மூலைத் திருகை மட்டும் தளர்த்திப் பாருங்க. போர்டு ஸ்டாண்டாஃபை (போர்டைத் தாங்குற குட்டித் தூண்) விட்டு மேல எழும்புதா? ஃபீலர் கேஜ்ல இடைவெளியை அளந்துக்குங்க. ஸ்டாண்டாஃப் உயரம் ஒத்துப்போகாம, திருகு முறுக்கும்போது போர்டே வளைஞ்சிருந்தா, ரெசிஸ்டர் ஏற்கெனவே இழுவையில இருந்திருக்கும். வைப்ரேஷன் அதை முடிச்சு வச்சிருக்கு. காரணம் அப்படியே இருந்தா புது ரெசிஸ்டரும் அதே இடத்துல உடையும். இடைவெளி இருந்தா அதே தடிமனுக்கு ஸ்டெயின்லெஸ் ஷிம் வாஷர் போடுங்க.

சால்டர் பண்றப்ப: பின் உள்ளே, பேட்டரி முனைகள் மேல காப்டன் டேப், கையில ரிஸ்ட் ஸ்ட்ராப். கன்ஃபார்மல் கோட்டிங்கை (போர்டு மேல பூசின பாதுகாப்புப் படலம்) முதல்ல சுரண்டி எடுங்க. 63/37 டின்-ஈய சால்டர், முனை 320 டிகிரி பக்கம், ஒரு இணைப்புக்கு மூணு விநாடிக்கு மேல போகாதீங்க. பழைய ரெசிஸ்டரை நெம்பாதீங்க, பேட் பெயர்ந்துடும். பழைய இடத்துல 220 கிலோ ஓம், கூடவே மாஸ்ஃபெட்டோட கேட்-சோர்ஸ் கால்களுக்கு நடுவுலயே இன்னொரு 220 கிலோ ஓம். ஒண்ணு அறுந்தாலும் கேட் மிதக்காது.

வடக்கயிறு
ரெசிஸ்டருக்கு அடியில 2216 எபாக்சி பசை ஊத்திடுங்க, அசையாது.

இரவு_சால்டர்
வேண்டவே வேண்டாம். சிப்புக்கு அடியில எபாக்சி போனா சூடு-குளிர் சுழற்சியில அதுவே சிப்பைத் தூக்கி உடைக்கும். எபாக்சி கனெக்டருக்கும் உயரமான கெப்பாசிட்டருக்கும்தான். அதோட 2216 அறை வெப்பத்துல முழுசா இறுக ஏழு நாள் வேணும், 66 டிகிரின்னா ரெண்டு மணி நேரம். பேட்டரி உள்ள பெட்டியை 66 டிகிரியில வைப்பீங்களா?

அனுபவம்_பேசும்
ரெசிஸ்டரை மாத்தினா வைப்ரேஷன் திரும்ப ஓட்டணும். ஓட்டாம ஒப்படைக்கிறது ஏமாத்து வேலை. இன்னொண்ணு, ரெண்டு ஸ்விட்ச் ஒரே மாஸ்ஃபெட்டை இயக்கினா தானா ஆன் ஆகாம இருக்க அது ரெண்டு தடுப்பு இல்ல, ஒண்ணுதான்.

வடக்கயிறு
ஒரு ரெசிஸ்டருக்கு மறுபடி வைப்ரேஷனா? 2022 நவம்பர்ல நாசாவோட ஆர்ட்டெமிஸ்-1 நிலா ராக்கெட் எரிபொருள் நிரம்பி நின்னப்ப ஹைட்ரஜன் கசிஞ்சுது, மூணு பேர் ஏவுதளத்துக்கே போய் வால்வு நட்டை முறுக்கிட்டு வந்தாங்க, அன்னைக்கு ராத்திரியே ஏவினாங்க.

கூழாங்கல்
அந்த வால்வு ராக்கெட்ல இல்ல, தரையில நிக்கிற ஏவு மேடையோட அடிப்பகுதியில இருந்தது. பறக்கப்போற பாகம் இல்ல. முறுக்கின பிறகு கசிவு நின்னுதான்னும் அளந்தாங்க. பறக்கிற பாகம்னா எப்படின்னு பாக்கணும்னா ஜிஎஸ்எல்வி-டி5ஐப் பாருங்க. 2013 ஆகஸ்ட் 19, ஏவ 74 நிமிஷம் இருக்கும்போது ரெண்டாம் நிலையில எரிபொருள் கசிவு. அடைச்சுட்டு அனுப்பல. டாங்க் உலோகத்தையே மாத்தி, புது ரெண்டாம் நிலை வச்சு, 2014 ஜனவரி 5 அன்னைக்குத்தான் ஏவினாங்க.

வடக்கயிறு
கிரையோ ராக்கெட்டையும் 0603 சைஸ் குட்டி ரெசிஸ்டரையும் ஒரே தட்டுல வைக்கிறீங்க.

அனுபவம்_பேசும்
கொள்கை ஒண்ணுதான்.

கூழாங்கல்
முழு அளவு மறுபடி ஓட்டணும்னு நானும் சொல்லல. வேலைத்தரத்தைப் பாக்குற குறைந்த அளவு, 6.8 ஜிஆர்எம்எஸ் (அதிர்வோட மொத்த வலிமை), மூணு அச்சிலும் ஒவ்வொரு நிமிஷம். முன்னும் பின்னும் தாழ் அளவு சைன் ஸ்வீப் (அதிர்வெண்ணை மெல்ல ஏத்தி ஒத்ததிர்வைப் பாக்குற சோதனை). ஒத்ததிர்வு 5 சதவீதத்துக்கு மேல நகர்ந்தா எங்கேயோ திருகு தளர்வுன்னு அர்த்தம். இதைத் தவிர்க்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது ஏவுற தரப்பு. தடுப்பு எண்ணிக்கை பத்தி அனுபவம் அண்ணன் சொன்னது சரி, அதையும் சேர்த்து எழுத்துல சொல்லிடுங்க. மறைச்சுட்டு, பொருத்தும்போது அங்கே ஆன் ஆனா, உங்களோட சேர்ந்து அதே பாட்ல இருக்கிற மத்தவங்க சாட்டிலைட்டும் நிக்கும்.

குட்டிக்கோள்_குழு
ஸ்டாண்டாஃப் 0.4 மிமீ குறைச்சல். ஷிம் போட்டாச்சு, ரெசிஸ்டர் ரெண்டும் போட்டாச்சு. பின் எடுத்து ராத்திரி முழுக்க பாட்ல வச்சோம், ஆன் ஆகல. ஏவுற தரப்புக்கு மெயில் போட்டிருக்கோம். எல்லாருக்கும் நன்றி, பேக்கிங் போறோம்.

ஈரப்பதம்
கழுவினீங்களா? புது சால்டர் இருக்கிற இடத்துல ஃப்ளக்ஸ் இருக்கும். கோட்டிங் திரும்பப் போடுறதுக்கு முன்னாடி கழுவணும்.

ரெயில்_மிமீ
மத்த மூணு மூலையையும் அளந்தீங்களா? ஒண்ணு மட்டும் 0.4 குறைச்சல்னா மூணும் ஒரே உயரமா இருக்கணும்.

கூழாங்கல்
நூல் சுடுற கனெக்டரைத் திரும்ப மாட்டினீங்களா? முதல்ல கழட்டச் சொன்னது நான்தான். பேக் பண்றதுக்கு முன்னாடி அதைப் பாத்துட்டு ஒரு வரி போடுங்க.