பற்கடிப்பு வலியா, கோபமா?

எஸ்தர் அத்தை: இன்றைக்கு மத்தேயு 8 வாசித்தேன். 12ஆம் வசனத்தில், புறம்பான இருளில் தள்ளப்படுகிறவர்களுக்கு அங்கே அழுகையும் பற்கடிப்பும் என்று வருகிறது. அழுகை சரி, பல்லை ஏன் கடிக்க வேண்டும்? வலி தாங்காமலா? தம்பி, நீதானே கிரேக்கம் படித்தவன்

சித்தப்பா: வலி என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம் அக்கா. எனக்கென்னவோ அது கோபம் என்றுதான் படுகிறது. அப்போஸ்தலர் 7:54 எடுங்கள், ஸ்தேவான் பேசியதைக் கேட்டவர்கள் அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள், அவர்களுக்கு என்ன பல்வலியா? அங்கே வினை ப்ரூகோ, மத்தேயுவில் அதே வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் ப்ருக்மோஸ்

எஸ்தர் அத்தை: மாற்கு 9:18இல் அசுத்த ஆவி பிடித்த பையனும் பல்லைக் கடிக்கிறானே

சித்தப்பா: அங்கே வினையே வேறு, த்ரிட்ஸோ. பல் மட்டும்தான் அதே சொல்

ஜெபா: பல்லுக்கு என்ன சொல் சித்தப்பா?

சித்தப்பா: ஒடூஸ், ஆண்பால். அடிச்சொல் ஒடோன்ட். எழுவாயாக வரும்போது கடைசியில் ஸ் சேர்வதால் ‘ன்ட்’ விழுந்து உயிர் நீண்டுவிடும், மற்ற வேற்றுமைகளில் அது திரும்பி வந்துவிடும். ஒடோன்டா பல்லை, ஒடோன்டோஸ் பல்லினுடைய. உனக்குக் கிளிப் போட்ட ஆர்த்தோடான்டிஸ்ட் பெயருக்குள்ளும் இதுதான் இருக்கிறது

ஜெபா: அவர் கம்பியை இறுக்கும்போது எனக்கு இரண்டு ப்ருக்மோஸும் வரும் 😬

அப்பா: யானைத் தந்தம்?

சித்தப்பா: அதுவும் இந்தக் குடும்பம்தான் அண்ணா. சமஸ்கிருத தந்த, லத்தீன் டென்ஸ், எல்லாம் உறவு. நம்ம பல் அதில் சேராது.
அப்புறம் மத்தேயு 5:38, பல்லுக்குப் பல். ஒடோன்டா அன்டி ஒடோன்டோஸ். அந்தத் துண்டில் வினையே இல்லை, ஆனாலும் முதல் பல் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது, ஏனென்றால் யாத்திராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், 21ஆம் அதிகாரத்தில், இதற்கு முந்தின வசனத்தில் ‘கொடுப்பான்’ இருக்கிறது, இங்கே வினையை அங்கேயே விட்டுவிட்டு வேற்றுமையை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்டி என்றால் ஈடாக, அதற்குப் பின் ஆறாம் வேற்றுமை. தமிழில் அந்த வேலையை ‘கு’ பார்த்துக்கொள்கிறது

எஸ்தர் அத்தை: இலக்கணம் இருக்கட்டும். கோபக்காரன் எதற்கு அழுகிறான்?

சித்தப்பா: லூக்கா 13:28 பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் உள்ளே இருக்கிறார்கள், பல்லைக் கடிக்கிறவர்களை வெளியே தள்ளியாயிற்று. தான் வெளியே நிற்பதற்கு அழுகை, அடுத்தவன் உள்ளே இருப்பதற்குப் பற்கடிப்பு

எஸ்தர் அத்தை: மத்தேயு 13:42இல் அக்கினிச்சூளை என்று இருக்கிறதே. சூளையில் போட்டால் வலிக்காதா?

சித்தப்பா: மத்தேயுவில் பற்கடிப்பு 6 இடத்தில் வருகிறது, அதில் சூளை 2தான், 3 இடத்தில் இருள். இருட்டில் எது சுடும்?

எஸ்தர் அத்தை: அந்த 2 இடத்துக்குப் பதில் சொல்லு முதலில்