ரஷ் கேட்கிற தமிழாக்கள் ஆரும் இருக்கிறியளா? உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

வார்டன் சந்திக்காரன்:

ரஷ் எண்ட கனடா ராக் கூட்டத்தின்ட பேரைச் சொன்னா எங்கட ஆக்களிட்ட இருந்து மூண்டு விதமான பதில் வரும். "ஆரது?" எண்டது ஒண்டு. "உந்தக் கத்துறவனோ?" எண்டது ரெண்டாவது. மூண்டாவதுதான் எனக்குச் சுடுறது: "உனக்கேன் உந்த வெள்ளையளின்ட பாட்டு?"

முதல் ரெண்டிலயும் எனக்குக் குறையில்லை. அதில பாடுற கெடி லீயின்ட குரல் எல்லாருக்கும் ஒத்துவராது. உச்சத்தில ஏறி அங்கேயே நிக்கிற குரல், எழுபதுகளின்ட இசைத்தட்டுகளில இன்னும் கூர்மை. அம்மா முதல் தரம் கேட்டிட்டு, "ஆரையோ கழுத்தை நெரிக்கிறாங்கள், நிப்பாட்டடா" எண்டவ. ஆனா அந்த மூண்டாவது கேள்விக்கு ஒருக்கா ஆற அமர மறுமொழி எழுதோணும் எண்டு கனநாளா மனசில கிடக்குது.

கெடி லீயின்ட தாயும் தகப்பனும் போலந்து யூதர். அவுஷ்விட்ஸ் உட்பட நாசி முகாமுகளுக்குள்ள இருந்து உயிர் தப்பிக் கனடாவுக்கு வந்தவை. அவருக்கு 12 வயசில தகப்பன் போயிட்டார். நியூமார்க்கெட்டில இருந்த குடும்பத்தின்ட கடையைத் தாய் ஒத்தையா எடுத்து நடத்திப் பிள்ளையளை வளர்த்தவ. கிற்றார் வாசிக்கிற அலெக்ஸ் லைஃப்சன்ட வீட்டுப் பேர் ஷிவோயினோவிச். யூகோஸ்லாவியாவில இருந்து வந்த சேர்பியக் குடும்பம். ரெண்டு பேரும் ரொறன்ரோவின்ட வடக்குப் பக்கம், வில்லோடேலில ஒண்டாப் பள்ளிக்கூடம் போனவை. 1968இல அந்தப் பக்கத்துத் தேவாலய அடித்தளங்களில வாசிச்சுத் தொடங்கின கூட்டம்தான் ரஷ். இதில எது எங்களுக்குத் தூரம்?

நான் தொண்ணூறுகளில வந்து இறங்கினது ரொறன்ரோவில வார்டன்-ஃபிஞ்ச் சந்திக்குப் பக்கத்தில ஒரு அடுக்குமாடி. பள்ளிக்கூடத்தில ஒருத்தரோடையும் கதைக்கத் தெரியாத காலம். ஒருநாள் பின்னேரம் மச் மியூசிக் எண்ட பாட்டு ரீவியில ரஷ்ஷின்ட ஒரு பழைய வீடியோ போகுது. மேல இருந்து எடுத்த படம்: ஒரே மாதிரிக் கூரை, ஒரே மாதிரி முற்றம், வளைஞ்சு வளைஞ்சு போற தெருக்கள். பிறகு ஒரு பள்ளிக்கூட நடைபாதை, தனியா நடக்கிற ஒரு பெடியன். பாட்டு 'சப்டிவிஷன்ஸ்', 1982இல வந்த 'சிக்னல்ஸ்' தொகுப்பில இருக்கிறது. கூட்டத்தோட ஒத்துப்போகாத பிள்ளையளை இந்தப் புறநகர் எப்பிடி ஒதுக்குது எண்டு அவையின்ட ட்ரம்ஸ்காரன் நீல் பியர்ட் எழுதின பாட்டு. அந்த மேல இருந்து எடுத்த இடம் எங்கட வார்டன்-ஃபிஞ்ச் எண்டும், பள்ளிக்கூடம் லாமரோ கொலீஜியட் எண்டும் பிறகு அறிஞ்சபோது நான் ஆச்சரியப்படேல்லை. அந்தக் கூரையளை நான் ஒவ்வொரு நாளும் பல்கனியில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்.

நான் சொல்ல வந்த சம்பவம் அப்பாவோட. 2010இல ரஷ்ஷைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதில ஒரு பழைய துண்டு: இளந்தாரி அலெக்ஸ், தலைமயிர் தோளில விழ, மேசையில தாய் தகப்பனோட இருந்து வாக்குவாதப்படுறார். பள்ளிக்கூடத்தை முடி எண்டு அவை, எனக்குக் கிற்றார்தான் எண்டு இவர். நான் வரவேற்பறையில பாத்துக்கொண்டிருக்க, தேத்தண்ணிக் கோப்பையோட வந்த அப்பா நிண்டிட்டார். அதுவரைக்கும் ரஷ் போட்டா அறைக்கதவைச் சாத்திற மனுசன். தகப்பன்காரன் அந்த உடைஞ்ச இங்கிலீசில மகனுக்கு விளங்கப்படுத்த முயற்சிக்கிறதைப் பாத்திட்டு, "அந்தாள் சொல்லுறதில என்ன பிழை?" எண்டார். பிறகு இருந்தார். படம் முடியுமட்டும் எழும்பேல்லை. முடிஞ்சபிறகு கேட்டது ஒண்டுதான்: "தாயும் தகப்பனும் பிறகு போய்ப் பாத்தவையோ, இவன் வாசிக்கிறதை?"

அப்பா இண்டைக்கும் ரஷ் கேக்கமாட்டார். ஆனா ஆரும் வீட்டுக்கு வந்து உது என்ன சத்தம் எண்டு கேட்டா, "அது வில்லோடேல் பெடியளின்ட" எண்டுவார்.


தோல்வாத்தியம்:

மொன்றியலில் இருந்து எழுதுகிறேன். மிருதங்கம் வாசிக்கிறவன். எங்கள் மாஸ்டருக்கு ட்ரம்ஸ் என்றாலே ஆகாது. தடியால் அடிக்கிறதெல்லாம் வாத்தியமா, விரல் எங்கே பேசுகிறது என்பார். அவரை வகுப்புக்கு ஏற்றிப்போகும்போது ஒருநாள் காரில் ரஷ்ஷின் 'ஒய்.ஒய்.செட்' ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கை போனது, அவர் தடுத்தார். தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

தெரியாதவர்களுக்காக: ஒய்.ஒய்.செட் என்பது ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியீடு. இங்கே வந்திறங்கிய எங்கள் ஒவ்வொருவரின் பெட்டியிலும் ஒட்டியிருந்த அதே மூன்று எழுத்து. விமான நிலையம் வானலையில் அனுப்பும் மோர்ஸ் அடையாளத்தை (எழுத்துகளைக் கோடும் புள்ளியுமாக ஒலிக்கும் முறை) விமானத்தில் வரும்போது கேட்டு, அதையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள். பாட்டின் தொடக்கத்தில் பியர்ட் அதைக் குரோட்டல்ஸ் என்ற சின்ன உலோகத் தட்டுகளில் தட்டுவார். நட்டுவாங்கத் தாளத்தின் நாதத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.

மோர்ஸின் கோட்டுக்கு இரண்டு மாத்திரை, புள்ளிக்கு ஒரு மாத்திரை என்று வையுங்கள். ஒய்: தீம் க தீம் தீம். அது 7. திரும்பவும் ஒய், இன்னொரு 7. செட்: தீம் தீம் த க. அது 6. ஆகமொத்தம் 20. மாஸ்டர் சிக்னலில் கார் நிற்கும்போதே இதைப் பிடித்துவிட்டார். "ஏழு, ஏழு, ஆறு. அஞ்சாய் எண்ணுற கண்ட நடைக்குள்ள கொண்டுவந்து அடைச்சிருக்கிறான். ஆர் இவன்?"

நான் பியர்ட்டைப் பற்றிச் சொன்னேன். 1974இல் ரஷ்ஷில் சேர்ந்தவர், பாடல் வரிகளும் பெரும்பாலும் அவர்தான் எழுதுவார் என்றேன். அது அவரைப் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் உலகமே தலையில் தூக்கிவைத்திருந்த காலத்தில், 1990களின் நடுப்பகுதியில், பியர்ட் ஃப்ரெடி க்ரூபர் என்ற முதிய ஜாஸ் ஆசிரியரிடம் மாணவனாகப் போய், தடியைப் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டு புதிதாகப் பயின்றார் என்றபோது மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"பேர் வந்த பிறகோ?"

"பேர் வந்து கனகாலம், மாஸ்டர்."

"அப்ப அவன் வித்துவான்தான்."

2020 ஜனவரியில் பியர்ட் மூளைப் புற்றுநோயால் இறந்தார், 67 வயது. செய்தி வந்த கிழமை வகுப்பில் மாஸ்டர் பிள்ளைகளுக்கு அந்த 7, 7, 6 கணக்கைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லவைத்தார். யாருடையது என்று பேரையும் எழுதினார். நான் பார்த்த அஞ்சலிகளில் எனக்கு அதுதான் பெரிது.


பேஸ் பிடிச்சவன்:

நான் சென்னை. இங்க ராக் கேக்குறவங்களுக்கே ரஷ் தெரியாதுங்க, அதான் கொடுமை. காலேஜ்ல பாதிப் பேர் பிங்க் ஃபிளாய்ட் டி-ஷர்ட், மீதிப் பேர் மெய்டன். 2007ல அயர்ன் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தப்ப ஹாஸ்டலே காலி. ரஷ் இந்தியாப் பக்கமே வரல. எங்க பேண்டுல "ஒரு பாட்டாவது வாசிக்கலாம்டா"ன்னு கெஞ்சுவேன். "யார்ரா பாடுறது, யாருக்குடா புரியும்"னு முடிச்சிடுவானுங்க.

பேஸ் கிடார் வாசிக்கிறவங்களுக்குக் கெடி லீ ஏன் அவ்ளோ பெரிய ஆள்னு சொல்றேன். மூணே பேர்தான் மேடையில. அவர் பேஸ் வாசிச்சுக்கிட்டே பாடுவார், நடுவுல கீபோர்டுக்குத் தாவுவார், அப்பவும் கால் கீழ இருக்கிற பெடல்ல பேஸ் நோட்டை மிதிச்சுக்கிட்டு இருக்கும். பாட்டோட தாளம் ஒரு பக்கம், பாடுற வரி இன்னொரு பக்கம் போகும். வீட்டுல ஒருதடவை வாசிச்சுக்கிட்டே பாடிப் பாருங்க, தெரியும்.

மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல்ல ஒரு பேஸ் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு இருந்தேன். கை தன்னால ரஷ்ஷோட 'டாம் சாயர்' பாட்டு நடுவுல வர்ற அந்த ஏழு எண்ணிக்கை துண்டுக்குப் போச்சு. கீபோர்டு பக்கம் நின்ன ஒரு பெரியவர், வெள்ளை முடி, கையில மழைக்கோட்டு, அப்படியே திரும்பினார். "தம்பி, அதை இன்னொரு தரம் வாசிங்க"ன்னார். வாசிச்சேன். அவர் கீபோர்டுல மேல் லைனைச் சேர்த்துட்டார்! ஒரு நோட்டு பிசகல.

கப்பல்ல வேலை பார்த்தவராம். அமெரிக்கத் துறைமுகம் ஒண்ணுல அந்தப் பாட்டு இருக்கிற 'மூவிங் பிக்சர்ஸ்' எல்பி வாங்கிட்டு வந்திருக்கார். "ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல இதை வாசிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன் தம்பி"ன்னார். கடைக்காரர் எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே இருந்தார், விலையைப் பத்திக் கேக்கவே இல்ல. இப்ப மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பெரம்பூர்ல அவர் வீட்டுக்குப் போவேன். அவர் சம்சாரம் எங்களுக்குக் காபி குடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு மாடிக்குப் போயிடுவாங்க.


பிரம்டன் அக்கா:

நானும் ஒருத்தி இருக்கிறன் எண்டு எழுதத்தான் வந்தனான். ரஷ் ரசிகர் எண்டா ஆம்பிளையள் எண்டு ஒரு எண்ணம் இருக்கு. 2015இல அந்த மூண்டு பேரும் ஒண்டா ரொறன்ரோவில கடைசித் தரம் வாசிச்சபோது போனனான். இடைவேளையில பெண்களின்ட கழிவறையில வரிசையே இல்லை, ஆம்பிளையளின்ட வரிசை மூலை திரும்பிப் போகுது. அந்தக் கச்சேரியை அவை பின்னோக்கி வாசிச்சவை: புதுப் பாட்டில தொடங்கிப் பழசுக்கு. சிவப்பு உடுப்புப் போட்ட வேலையாக்கள் ஒவ்வொரு கட்டத்திலயும் மேடைச் சாமானைக் கழட்டிக்கொண்டு போகப் போக, கடைசியில ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில கதிரையில ஆம்பிளிஃபையர் வைச்சு வாசிக்கிற மாதிரி மேடை சுருங்கிப்போச்சு. 'வேர்க்கிங் மேன்' அப்பதான் வந்தது, 1974இல அவையின்ட முதல் இசைத்தட்டில இருந்த பாட்டு. எனக்குப் பக்கத்தில நிண்ட தாடிக்கார வெள்ளைக்காரன் விம்மி அழுதான். நானும்தான்.

எண்டாலும் நான் சொல்ல வந்தது பெரியம்மாவைப் பற்றி. 2009இல, சண்டை முடிஞ்ச நேரம், அவ செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில இருந்தவ. பிறகு மகள் ஸ்பொன்சர் பண்ணி இஞ்சை வந்தா. முகாமைப் பற்றி ஒருநாளும் கதைக்கமாட்டா, நாங்களும் கேக்கிறதில்லை.

எங்கட வீட்டில நிண்ட நேரம், நான் சமைச்சுக்கொண்டு 'ரெட் செக்டர் ஏ' போட்டிருந்தனான். 1984இல வந்த பாட்டு. கெடி லீயின்ட தாய் பேர்கன்-பெல்சன் நாசி முகாமில இருந்து விடுபட்ட கதையில இருந்து பிறந்தது. பாட்டில பேஸ் கிற்றாரே கிடையாது, சிந்தசைசர் துடிச்சுக்கொண்டே போகும். பெரியம்மா வெங்காயம் உரிச்சுக்கொண்டு, "என்ன பிள்ளை, மெசின் ஓடுற மாதிரி" எண்டா. நான் கதையைச் சொன்னன். பிரிட்டிஷ் படை வந்த நேரம் அந்தத் தாய்க்கு நம்பேலாமல் இருந்ததாம். வெளியில உலகம் எண்டு ஒண்டு மிச்சம் இருந்தா, தங்களை இப்பிடி விட்டிருக்குமோ? அதால எல்லாம் அழிஞ்சுபோச்சு எண்டே நினைச்சிருக்கிறா.

பெரியம்மா கத்தியைக் கீழ வைச்சா. "அந்த மனுசி சொன்னது சரி. உள்ளுக்க இருக்கேக்க, வெளியில சனம் கடைக்குப் போகுது, கலியாணம் செய்யுது எண்டு நினைக்கவே ஏலாது." அதுக்குப் பிறகு கதைச்சா. தண்ணி வரிசையைப் பற்றி, கூடாரத்துக்குள்ள இருந்த வெக்கையைப் பற்றி, பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையைப் பற்றி. சோறு அடிப்பிடிச்சது. நான் போய் அடுப்பை நிப்பாட்டேல்லை.

பாட்டைத் திருப்பிப் போடவா எண்டு கேட்டன். "வேண்டாம் பிள்ளை, சத்தம் எனக்கு ஒத்துவராது. அந்த மனுசி இருக்கிறாவோ?" எண்டு மட்டும் கேட்டா.


புதுசு:

இவ்வளவும் வாசித்தபின் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பாட்டும் தெரியாது. எதில் தொடங்கலாம்?


வார்டன் சந்திக்காரன்:

அக்கா, உங்கட பெரியம்மாவின்ட கதையை வாசிச்சிட்டு எழும்பிப் போய் வீட்டைச் சுத்தி நடந்திட்டு வந்தனான். எழுதினதுக்கு நன்றி.

புதுசுக்கு: 'மூவிங் பிக்சர்ஸ்', 1981. கெபெக் மோரின் ஹைட்ஸில பதிவு செய்தது. முழுசாக் கேட்டா ஒரு 40 நிமிசம். குரல் பிடிக்காட்டி, பாட்டே இல்லாத 'ஒய்.ஒய்.செட்'இல தொடங்குங்கோ. 2002இல ரியோவின்ட மரக்கானா மைதானத்தில 40,000 சனம் வரியே இல்லாத அந்தப் பாட்டுக்குக் குரல் குடுத்துத் துள்ளினது வீடியோவில இருக்கு, அதையும் பாருங்கோ. பிறகு 'சப்டிவிஷன்ஸ்'. பிறகு '2112', 1976. அதுக்கு முதல் வந்த இசைத்தட்டு விழுந்துபோய், கொம்பனி சின்னச் சின்னப் பாட்டாத் தா எண்டு நெருக்கின நேரம். இவை ஒரு பக்கம் முழுக்க, 20 நிமிசத்துக்கு ஒரே பாட்டைச் செய்து குடுத்தவை. அதுதான் அவையைக் காப்பாத்தினது. அதை முதல் நாளே கேக்காதேங்கோ, ரெண்டு கிழமை போகட்டும்.

முக்கியமா ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ. போன் ஸ்பீக்கரில பேஸ் வராது. கெடியின்ட பேஸ் கேக்காட்டி நீங்கள் கேக்கிறது அரைவாசிப் பாட்டு.