அலிஸா வால்டெஸ்: தென்கிழக்காசியப் பதக்கம்கூட இல்லை, பிறகு ஏன் இத்தனை கூட்டம்?

இரவுப்பணி கேட்டது:

வாலிபால் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். நான் தோஹாவில் நர்ஸ். எங்கள் வார்டில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ் பெண்கள். போன வாரம் இரவுப் பணியில், மணி ஒன்று இருக்கும், சாப்பாட்டு அறையில் நாலு பேர் ஃபிளாஸ்க்கின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் பழைய மேட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மணிலாவில் நடந்த பெண்கள் லீக் இறுதிப் போட்டியாம். யார் ஜெயித்தார்கள் என்று நாலு பேருக்கும் தெரியும். ஆனாலும் 2-ஆம் எண் சட்டை போட்ட பெண் பந்தடிக்க ஓடி வரும்போதெல்லாம் வாய்க்குக் கொண்டுபோன ஸ்பூன் அப்படியே நின்றுவிடுகிறது.

யார் என்று கேட்டேன். அலிஸா வால்டெஸ், 'ஃபீனாம்' என்றார்கள், அபாரத் திறமையால் எல்லாரையும் அசர வைத்தவர் என்கிற மாதிரி அர்த்தம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1993-இல் பிறந்தவர், பத்தாங்காஸ் மாகாணத்தில் சான் ஹுவான் என்கிற ஊர். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 2015-இலிருந்து பல முறை ஆடியும் பதக்கம் இல்லை. பிலிப்பைன்ஸ் பெண்கள் வாலிபால் அணி ஒலிம்பிக் போனதும் இல்லை. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. அந்த இறுதிப் போட்டிக்கு 24,000 பேருக்கு மேல் வந்தார்களாம். எதைப் பார்த்து இவ்வளவு பாசம்?

---

நெட்டோரம் பதில்:

2014-இலிருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும்.

அலிஸா சின்ன வயதிலேயே ஊரை விட்டு மணிலாவுக்கு வந்து சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்தின் உயர்நிலைப் பள்ளியில் படித்து ஆடியவர். கல்லூரிக்கு அதெனெயோ பல்கலைக்கழகம். அங்கே பல்கலைக்கழக லீக் என்றால் சாதாரண விஷயமில்லை, அதெனெயோவும் லா சால் பல்கலைக்கழகமும் மோதும் நாளில் ஊரே இரண்டாகப் பிரியும். 2012, 2013 இரண்டு இறுதியிலும் லா சாலிடம் தோற்றார்கள். அதற்கப்புறம் அதெனெயோவின் ஐந்து பெரிய ஆட்டக்காரர்கள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலும் சின்னப் பெண்கள், அவர்களுக்குக் கேப்டன் அலிஸா. புதுப் பயிற்சியாளர் தாய்லாந்துக்காரர், தாய் பண்டிட். ஆங்கிலம் சரளமாக வராது. 'ஹார்ட் ஸ்ட்ராங்', 'ஹேப்பி ஹேப்பி' என்று தனக்குத் தெரிந்த வார்த்தைகளை வைத்தே அந்தப் பெண்களிடம் பேசினார், மேட்சுக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்துக் கண்ணை மூடித் தியானம் செய்ய வைத்தார். அந்த 'ஹார்ட் ஸ்ட்ராங்' கடைசியில் நாடே சொல்கிற வாசகமாகிவிட்டது.

லா சால் அந்த சீசனில் லீக் சுற்று 14 மேட்சையும் ஜெயித்து நேராக இறுதிக்குப் போனது. அப்படிப் போனால் விதிப்படி ஒரு சலுகை உண்டு: லா சாலுக்கு இரண்டு வெற்றி போதும், எதிரே வருகிறவர்கள் மூன்று முறை ஜெயிக்க வேண்டும். அதெனெயோ படிப்படியாக ஒவ்வொரு அணியாகத் தாண்டி இறுதிக்கு வந்து, அந்த மூன்று வெற்றியையும் எடுத்தது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருடம் 16-க்கு 16, ஒரு தோல்விகூட இல்லாமல் மறுபடி சாம்பியன். 2016 இறுதியில் லா சாலிடம் தோற்றார்கள், ஆனால் அலிஸாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது முறையாக சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அவருடைய 2-ஆம் எண்ணை அதெனெயோவில் இனி யாரும் போட முடியாது.

நர்ஸ் அக்கா, உங்கள் தோழிகளில் பலர் அப்போது பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ இருந்திருப்பார்கள். அவர்கள் வயதுப் பெண் ஒருத்தி, தோற்கப்போகிறோம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட இடத்தில் நின்று ஜெயித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த நினைவோடு ஒரு மேட்சைப் பார்க்கும்போது ஸ்பூன் நிற்கத்தான் செய்யும்.

---

மூன்றாம்செட் பதில்:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நல்ல ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் புகழில் பாதி தொலைக்காட்சி கொடுத்தது. 2021-இல் பிக் பிரதர் (நம் பிக் பாஸ் மாதிரி நிகழ்ச்சி) வீட்டுக்குள் போனார், விளம்பரங்கள் வேறு. மைதானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பிலிப்பைன்ஸ் பெண்கள் அணி தென்கிழக்காசியப் போட்டியில் கடைசியாகத் தங்கம் வாங்கியது 1993-இல், அதாவது அலிஸா பிறந்த வருடம். அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லையே.

---

பழைய_செட்டர் பதில்:

@மூன்றாம்செட், கணக்கு சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2019-இல் ஆசியான் கிராண்ட் பிரீ என்று தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாலு நாடும் ஆடிய தொடரின் இரண்டு கட்டத்திலும் பிலிப்பைன்ஸ் வெண்கலம் வாங்கியது, அலிஸா அந்த அணியில் இருந்தார். அதனால் பதக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. தவிர, எதிரே நிற்பது தாய்லாந்து. உலக லீக்கில் ஆடுகிற அணி அது.

தொலைக்காட்சி விஷயத்தில் வரிசையை மாற்றிப் பாருங்கள். 2015-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியின் தொடக்க விழாவில் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் இவர், அப்போது 21 வயது, கல்லூரி மாணவி. பிக் பிரதர் அதற்கு ஆறு வருடம் கழித்து. பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்த நாட்டில் ஒரு வாலிபால் பெண்ணுக்குக் கொடியைக் கொடுத்தார்கள் என்பதைச் சும்மா கடந்து போக முடியவில்லை எனக்கு.

அப்புறம் ஒரு விஷயம், இங்கே பலருக்குத் தெரியாது: பந்தை ஒருவர் தூக்கிக் கொடுக்க இன்னொருவர் எகிறி அடிக்கிற ஸ்பைக், அது 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் உருவானது என்றுதான் வாலிபால் வரலாற்றில் சொல்கிறார்கள். 'பொம்பா' என்று பெயர் வைத்திருந்தார்கள். குண்டு என்று அர்த்தம்.

செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளாக, ஆடியவள் என்பதால் இதையும் சொல்லியே ஆக வேண்டும். அலிஸாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜியா மொராடோவை மறந்துவிடுகிறார்கள். அதெனெயோவிலும் அப்புறம் லீக்கில் கிரீம்லைன் அணியிலும் அலிஸாவுக்குப் பந்து கொடுத்தவர் அவர். பின்கோட்டிலிருந்து அலிஸா எகிறும் அடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்வரிசை ஆள் ஒருத்தி அடிப்பது மாதிரி குதிப்பாள், எதிரணித் தடுப்பு அவளோடு எழும்பும், பந்து அவள் தலைக்குப் பின்னால் போய் நிற்கும், மூன்று மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அலிஸா காற்றில் வருவார். தடுக்க எழுந்த கைகள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பந்தை அரை நொடி தாமதித்துக் கொடுத்தால் எல்லாம் வீண். ஜியா பிறகு ஜப்பான் லீக்குக்கே ஆடப் போனார்.

---

இரவுப்பணி பதில்:

கிரீம்லைன் என்பது ஐஸ்கிரீம் பெயர்தானே? பெட்ரோ காஸ், சோக்கோ முச்சோ என்றெல்லாம் சொன்னார்கள். அணிக்கு ஊர்ப் பெயர் கிடையாதா?

---

பழைய_செட்டர் பதில்:

கிடையாது. அங்கே கம்பெனிகள்தான் அணி வைத்திருக்கின்றன. ஐஸ்கிரீம், சமையல் காஸ், சாக்லேட், கார். ஊர் வேறுபாடு இல்லாததால் ரசிகர்கள் ஆட்டக்காரரைப் பார்த்து அணியைப் பிடிக்கிறார்கள், அலிஸாவுக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நடுவில் தாய்லாந்திலும் தைவானிலும் ஒவ்வொரு சீசன் ஆடிவிட்டு வந்தார். கிரீம்லைனில் 2017-இலிருந்து இருக்கிறார். லீக் 2021-இல்தான் முழுத் தொழில்முறைப் போட்டியானது. அந்த முதல் தொடர் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில், இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்தில் நடந்தது. இறுதியில் கிரீம்லைன், சேரி டிகோ அணியிடம் தோற்றது.

---

முழங்கால்_கட்டு பதில்:

நீங்கள் எல்லாரும் ஜெயித்ததைச் சொல்கிறீர்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது 2022-க்கு அப்புறம்தான்.

அந்த ஆகஸ்டில் டெங்கு வந்து படுத்தார், கிரீம்லைன் நாட்டின் சார்பாக ஆசியக் கோப்பை ஆடியபோது அவர் இல்லை. தேறி வந்து, நவம்பர் கடைசியில் சேரி டிகோவுடன் ஆடும்போது குதித்து இறங்கியவருக்கு வலது முழங்கால் போனது. 2023-இல் லீக்கின் முதல் தொடர் முழுக்க ஆட முடியவில்லை, கம்போடியாவில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியும் போயிற்று. அணி அவர் இல்லாமலே சாம்பியன் ஆனது. அந்த மேட்ச்களில் அவரைப் பாருங்கள், கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு புள்ளிக்கும் கத்திக்கொண்டிருப்பார்.

நானும் கல்லூரி அணியில் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள். வீங்கியிருக்கிறது என்று சொன்னதற்கு, துணியைச் சுற்றிக்கொண்டு ஆடு, உனக்குப் பதில் ஆள் இல்லை என்றார் எங்கள் பயிற்சியாளர். ஆடினேன். அதோடு முடிந்தது. அப்புறம் என் அணி ஆடிய எந்த மேட்சையும் நான் போய்ப் பார்க்கவில்லை, மனசு தாங்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தன் இடத்தில் வேறொருத்தி ஆடி ஜெயிப்பதைப் பக்கத்தில் நின்று கை தட்டிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 2023 நடுவில் திரும்பி வந்தார், பழைய மாதிரி எல்லாப் பந்தும் அவருக்கு வரவில்லை. டோட்ஸ் கார்லோஸ், ஜெமா கலான்சா என்று அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். அலிஸா பின்கோட்டில் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டும், கூப்பிடும்போது உள்ளே வந்துகொண்டும் இருந்தார், கேப்டனாகவே. 2024-இல் கிரீம்லைன் அந்த வருட லீக்கின் மூன்று கோப்பையையும் எடுத்தது.

@மூன்றாம்செட் சொன்ன பதக்கக் கணக்கில் இதெல்லாம் வராதுதான். எனக்கு இது போதும்.

---

மூன்றாம்செட் பதில்:

முழங்கால் விஷயம் இவ்வளவு விவரமாகத் தெரியாது. கோட்டுக்கு வெளியே நிற்கும் அந்த மேட்ச்களைத் தேடிப் பார்க்கிறேன்.

---

இரவுப்பணி பதில்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் மொழிபெயர்த்து அவர்களிடம் சொன்னேன். பத்தாங்காஸ்காரி ஒருத்தி இருக்கிறாள், ஜியாவை நினைவு வைத்துச் சொன்ன செட்டர் அக்காவுக்கு அவளுடைய வணக்கம். 2014 இறுதியைத் தன் அக்காவோடு வீட்டில் பார்த்தாளாம், கடைசிப் பந்து விழுந்ததும் பக்கத்து வீடுகளிலிருந்தும் சத்தம் வந்ததாம். வியாழக்கிழமை எங்கள் இருவருக்கும் விடுமுறை. அந்தக் கடைசி மேட்சை முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறேன் என்றிருக்கிறாள், சோறும் அவளே கொண்டு வருகிறாள்.