48 பம்ப் பிஓஎம், ஒரு சீல் மாற்றம்: வழி சொல்லுங்க

கோவையில சின்ன மோனோபிளாக் பம்ப் யூனிட். 4 ஹெச்பி அளவு, 3 வகை இம்பெல்லர் அதாவது தண்ணியைத் தள்ளுற சக்கரம் (பித்தளை, வார்ப்பிரும்பு, நோரில் பிளாஸ்டிக்), 2 வகை வைண்டிங், 2 டெலிவரி சைஸ். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒண்ணா மொத்தம் 48 பிஓஎம் (ஒரு பம்புக்கு வேண்டிய பாகங்களோட பட்டியல்) வெச்சிருந்தோம். போன மாசம் மெக்கானிக்கல் சீல் (தண்ணி கசியாம தடுக்கிற பாகம்) அளவை மாத்தினப்ப 3 பிஓஎம் விட்டுப்போச்சு. ஸ்டோர்ல பழைய சீலையே எடுத்துக் கொடுத்துட்டாங்க. பெயிண்ட் அடிச்ச 12 பம்பைத் திரும்பப் பிரிச்சோம்.

எக்செல்ல மேட்ரிக்ஸ் போட்டுப் பார்த்தேன், ரெண்டு வாரம்கூடத் தாங்கலை. இப்போ ஓடூ 17 (Odoo) சாஃப்ட்வேர்ல ஒரே பிஓஎம் போட்டு, ஒவ்வொரு வரியும் எந்த வேரியன்ட்டுக்கு (பம்ப் வகைக்கு)ன்னு குறிச்சிருக்கேன். இம்பெல்லருக்குக் கச்சிதம். வைண்டிங் கம்பி எடைதான் ஹெச்பிக்கு ஹெச்பி மாறுது. கம்பிக்கே 8 வரி, இன்சுலேஷன் பேப்பருக்கும் அதே கதை.

வைண்டிங் முடிச்ச ஸ்டேட்டரை (மோட்டார்ல சுத்தாத பகுதி) தனி சப் அசெம்பிளியா 8 பிஓஎம் ஆக்கிட்டு, பம்புக்கு ஒரே பிஓஎம் வெச்சு ஓட்டினவங்க யாராவது இருக்கீங்களா, நடைமுறையில சரிவருதா?