பழைய எஃப்-150 சூடானால் அணைகிறது: மாட்யூல் மட்டுமா, டிஸ்ட்ரிபியூட்டரே மாற்றணுமா?

ஐ35_டல்லாஸ்:
வண்டி 1988 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 5.0 லிட்டர் வி8 எஞ்சின். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். அரைமணி நேரம் ஓடிச் சூடானதும், யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தின மாதிரி பட்டென்று அணைந்துவிடுகிறது. முன்னாடி திணறலோ இருமலோ கிடையாது. இருபது, முப்பது நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. போன சனிக்கிழமை ஐ-35 நெடுஞ்சாலையில் நடு லேனில் அணைந்தது, பக்கத்து சீட்டில் மகள். ஸ்டியரிங் கல்லாய் இறுகிப்போச்சு, ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், ஸ்பார்க்கை உண்டாக்க வைக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான சாம்பல் நிற இக்னிஷன் மாட்யூல்மேல்தான் சந்தேகம். மூன்று வருஷம் முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றியது. திரும்பவும் அதை மட்டும் மாற்றினால் போதுமா?

டொரொண்டோ_கராஜ்:
தம்பி, மொடியூலை மட்டும் மாத்துங்கோ. சூட்டிலை நிண்டு, ஆறினாப்பிறகு ஓடுதெண்டா அதுதான். இருவது வருசமா இந்த வேலை செய்யிறன், எத்தினையோ மாத்தியாச்சு. பற்றறி நெகற்றிவ்வைக் கழட்டுங்கோ. ரெண்டே ரெண்டு ஸ்குரூ, அதுக்கு 7/32 இஞ்ச் மெல்லிய சொக்கெட் வேணும், சாதாரண சொக்கெட் உள்ளுக்குப் போகாது. கழட்டேக்கை நேரா வெளியாலை இழுக்காதேங்கோ. முதல் கீழ்ப்பக்கமா நகர்த்தி, உள்ளுக்கு இருக்கிற மூண்டு முள்ளையும் விடுவிச்சுப் பிறகு எடுங்கோ. முள் முறிஞ்சா டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சேர்த்துச் செலவு.

எட்டுசிலிண்டர்:
அண்ணா, அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் சோதிக்காமல் பாகம் மாற்றச் சொல்வதை ஏற்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே இருந்து எஞ்சினின் சுழற்சியைக் கவனிக்கும் ஹால் சென்சாரும் சூட்டில் இதே மாதிரிதான் சாகும், ஆறினால் பிழைக்கும். ஃப்யூவல் பம்ப் ரிலே போனாலும் வண்டி இப்படி நிற்கும். அடுத்த முறை அணைந்ததும் முதலில் ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். கூடவே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பிளக்கில் சின்ன டெஸ்ட் லைட்டை மாட்டி ஸ்டார்ட்டரை அடியுங்கள். லைட் மின்னி, ஸ்பார்க் மட்டும் இல்லையென்றால் மாட்யூல் அல்லது ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில். ரெண்டுமே இல்லையென்றால் ஹால் சென்சார். அத்தனை பழைய சென்சாரை உள்ளேயே விட்டுவிட்டு மாட்யூலை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்வேன்.

டொரொண்டோ_கராஜ்:
அங்கைதான் பிழை. இந்த வண்டியிலை ஹால் சென்சாரின்ரை சிக்னல் மொடியூலுக்குள்ளாலைதான் கொம்பியூட்டருக்குப் போகுது. மொடியூல் செத்தாலும் இன்ஜெக்டர் லைற் மின்னாமல் போகலாம். உங்கடை சோதனையிலை ரெண்டும் இல்லையெண்டு வந்தா, நல்ல சென்சாரைத்தான் தூக்கி எறிவியள்.

எட்டுசிலிண்டர்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். லைட் மின்னினால் சென்சார் நல்லது என்று சொல்லலாம். மின்னவில்லையென்றால் இரண்டில் எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, நான் எழுதியது தப்பு. அப்போது மாட்யூல்மேல் மட்டும் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். சென்சார் உள்ளே இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் குளிராது. ரெண்டு மூணு நிமிஷத்தில் உயிர் வந்தால் மாட்யூல்தான்.

மெட்ரிக்_ஸ்பேனர்:
மாட்யூலின் முதுகில் பூசும் பேஸ்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. மாட்யூலின் சூடு அதன் உலோக முதுகு வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இறங்கணும். நடுவில் காற்று நின்றால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கனெக்டருக்குப் போடும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வேறு, சூட்டைக் கடத்தும் ஹீட் சிங்க் பேஸ்ட் வேறு. முதுகு முழுக்க, 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக, இடைவெளி விடாமல் தடவணும். 90-களில் ஃபோர்டே சில வண்டிகளில் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எடுத்து, அலுமினிய ஹீட் சிங்க்கோடு ஃபெண்டர் பக்கம் கொண்டுபோனது. அந்த அளவுக்குச் சூடு முக்கியம்.

டொரொண்டோ_கராஜ்:
பெட்டியோடை வாற சிலிக்கன் கிரீஸையே பூசி ஓடின வண்டியள் என்னட்டை நிறைய. எண்டாலும் வெறுமனே பூட்டக் கூடாது எண்டதிலை நானும் உங்கடை பக்கம்தான். தம்பி, இன்னொண்டு: சாம்பலுக்குச் சாம்பல்தான் வாங்கோணும். கறுப்பு மொடியூல் இதிலை பூட்டுப்படும், ஆனா அதின்ரை வேலை வேறை. கொம்பியூட்டரோடை ஒத்துப்போகாது.

ஐ35_டல்லாஸ்:
நேற்று மதியம் வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு அணையும்வரை காத்திருந்தேன். நாற்பது நிமிஷத்தில் அணைந்தது. ஸ்பார்க் இல்லை, டெஸ்ட் லைட்டும் மின்னவில்லை. ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை மாட்யூலில் சுற்றி வைத்தேன். மூன்றாவது நிமிஷம் ஸ்டார்ட் ஆனது. கழற்றிப் பார்த்தால், முதுகில் நடுவில் மட்டும் கட்டைவிரல் ரேகை அளவுக்குக் காய்ந்துபோன வெள்ளைப் பொருக்கு. சுற்றிலும் பளபளவென்று வெறும் அலுமினியம். மூன்று வருஷமாக இதை நம்பித்தான் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பழைய பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஹீட் சிங்க் பேஸ்ட் பூசி, புது சாம்பல் மாட்யூல் போட்டாச்சு.

எட்டுசிலிண்டர்:
நல்ல வேலை. பின்பக்க ஸ்குரூவுக்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினீர்களா? திருப்பியிருந்தால், கம்ப்யூட்டரின் டைமிங் சிக்னல் வரும் ஸ்பௌட் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இக்னிஷன் டைமிங்கைப் (ஸ்பார்க் வரும் நேரத்தை) பாருங்கள், 10 டிகிரி இருக்கணும். பார்த்ததும் அதைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். சென்சார் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அதே சூட்டில்தான் அதுவும் இத்தனை வருஷம் வெந்திருக்கிறது.

டொரொண்டோ_கராஜ்:
ஓடுற சென்சாரைக் கழட்டாதேங்கோ தம்பி. திருத்தி விக்கிற டிஸ்ட்ரிபியூட்டரெல்லாம் ஒரே தரமில்லை. உங்கடை பழசு அதைவிட நல்லதா இருக்கும்.

ஐ35_டல்லாஸ்:
கொஞ்சம் திருப்பத்தான் வேண்டியிருந்தது, முதலிலேயே பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தேன். இருந்தும் டைமிங் லைட் அடித்துப் பார்த்து 10-ல் வைத்தாச்சு, ஸ்பௌட்டையும் மாட்டியாச்சு. இன்று ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓட்டினேன், அணையவில்லை. சென்சார் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ரெண்டு வாரம் நான் மட்டும் ஓட்டுகிறேன். அதுவரை மகள் அம்மாவின் காரில் போகட்டும்.