நார்ஃபோக் கிராமத்துப் பதிவேட்டில் இரண்டு வில்லியம்கள்: எங்கள் முன்னோர் எவர்?

பெரம்பூர்வாசி:
என் தாயார் வழி எள்ளுத்தாத்தா வில்லியம், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள சிறிய கிராமத்திலிருந்து வந்து, 1856-இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 1859-இல் சென்னையில் நடந்த அவருடைய திருமணப் பதிவில் வயது 24 என்றும், தந்தை தாமஸ், விவசாயக் கூலி என்றும் உள்ளது. அந்தக் கிராமத்து ஞானஸ்நானப் பதிவேட்டிலோ, அதே குடும்பப் பெயருடன் 1832-இல் ஒரு வில்லியமும் 1835-இல் ஒரு வில்லியமும் இருக்கிறார்கள். இருவரின் தந்தை பெயரும் தாமஸ், தந்தையின் தொழிலும் இரண்டிலும் கூலி வேலைதான். தாய் மட்டும் முதல் பதிவில் சாரா, அடுத்ததில் மேரி. வயது பொருந்துவதால் 1835-ஐ எழுதிவிடலாம் என்கிறான் என் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறொரு குடும்பத்தாரை எங்கள் முன்னோர் என்று பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்க அஞ்சுகிறேன்.

ஏடு படிப்பவர்:
அம்மா, தங்கள் தயக்கம் நியாயமானதே. திருமணத்தின்போது சொன்ன வயதை எவரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். ஞானஸ்நானமும் பிறந்து சில ஆண்டுகள் கழித்து நடந்திருக்கலாம். எனவே முதலில் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் மகனுக்கு அதே பெயரை வைப்பது அங்கே அன்றைய வழக்கம். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் எழுதியதால் இறந்தவரின் பெயர், இருப்பிடம், தேதி, வயது ஆகியவை கிடைக்கும். பெற்றோர் பெயருக்குக் கட்டம் இல்லை என்பதுதான் குறை. சிறுவன் வில்லியமும் சாராவும் 1835-க்கு முன்பே அடக்கமாகியிருந்து, மேரியை மணந்த பதிவில் தாமஸ் மனைவியை இழந்தவர் என்றிருந்தால், தாமஸ் ஒருவரே என்று கொள்ள இடமுண்டு. மணமக்களின் தந்தையர் பெயரை அந்தப் பதிவில் எதிர்பார்க்க வேண்டாம். அது 1837 ஜூலைக்குப் பிறகே வந்தது.

எழும்பூர் வாசகர்:
மேலே சொன்னதோடு 1841, 1851 மக்கள்தொகைக் கணக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். 1841-இல் ஒரு வீட்டில் இருந்தோரின் பெயர்கள் உண்டு, உறவுமுறை இல்லை. 1851-இல் உறவுமுறையும் பிறந்த ஊரும் உண்டு. பதினாறு வயதுப் பையன் வேறு வீட்டில் பணியாளாக இருந்திருக்கக்கூடும் என்பதால், பிறந்த ஊர்க் கட்டத்தை விடாமல் படியுங்கள். பதிவேட்டில் பக்கம் சிதைந்திருந்தால் ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய நகல் உதவும். அந்த நடைமுறை 1598-இலேயே தொடங்கியிருந்தது. கூலிக் குடும்பம் என்பதால், ஏழைகளுக்கு உதவிப்பணம் கொடுத்த கணக்குகளும் நாரிச் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கூலி உழைப்பாளியின் வாழ்க்கை வேறெங்கும் அவ்வளவு விரிவாக எழுதப்படுவதில்லை.

பெரம்பூர்வாசி:
இருவருக்கும் என் நன்றி. ஒரு வயது வில்லியம் 1833-இல் அடக்கமாகியிருக்கிறான். ஆனால் சாரா இறக்கவில்லை. 1841-இல் அவரும் ஒரு தாமஸும் ஒரு வீட்டிலும், மேரியும் இன்னொரு தாமஸும் ஆறு வயது வில்லியமும் வேறொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஆக, ஊரில் இரண்டு தாமஸ்கள். தம்பி சொன்ன ஆண்டையே இப்போது எழுதியிருக்கிறேன், அதற்கான பதிவுகளையும் பக்கத்திலேயே குறித்துவைத்து. மேரியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை ஞானஸ்நானப் படிவம் சொல்லவில்லை. அவருடைய திருமணப் பதிவை இனித் தேட வேண்டும்.